அளவுத் திட்டுகள்

கருத்தக்கண்ணன் வெட்டினான், சோணையம்மாள் சுமந்தாள். வாய்க்கால் வேலையில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான் ஓர் ஆள் கணக்கு. அவன் மண்வெட்டியை ஓங்கி இறக்கி, ஒரு நெம்பு நெம்பி, வண்டலைத் தன் பக்கம் இழுத்துக் கூடையில் தள்ளுவான். கூடை நிறைந்ததும் இவள் குனிவாள். ஆளுக்கு ஒரு விளிம்பைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கினால் சும்மாட்டின் மேல் கூடை தானாக உட்கார்ந்துகொள்ளும். அவள் கரையேறி மண்ணைக் கொட்டிவிட்டு இறங்குவதற்குள் அடுத்த கூடை நிறைந்திருக்கும். இருவர் வேகமும் ஒத்துப்போனால் ஒருவருக்காக ஒருவர் நிற்க வேண்டியதில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்தே அவர்களுக்கு ஒத்துப்போயிருந்தது.

மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு ஊத்துப்பட்டியில் வாய்க்கால் வெட்டு தொடங்கிவிடும். பெரியாற்றுத் தண்ணீர் பெரிய கால்வாயில் வேகமாக வரும். இந்தக் கிளை வாய்க்காலில் திரும்பியதும் நடை தளரும். நடை தளர்ந்த தண்ணீரால் மண்ணைச் சுமக்க முடியாது, வழியிலேயே போட்டுவிட்டுப் போகும். அப்படி வருஷம் முழுக்கப் படிந்த வண்டலை வெட்டி எடுத்தால்தான் அடுத்த தண்ணீர் கடைசி வயல் வரை போய்ச் சேரும். வயல்கள் பெரிய வீட்டுக்காரருடையவை. வெட்டுகிறவர்களுக்குக் கூலி நெல். நடவு தொடங்கும் வரை ஊரில் வேறு வேலை கிடையாது.

இந்த வருஷம் சோணையம்மாளுக்கு அந்த நெல் அடுப்புக்கு மட்டுமல்ல. மகள் சுந்தரம்மாள் வாடிப்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். பெற்றவர்கள் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று விதவிதமாகக் கட்டுச்சோறு ஆக்கி, கூடையில் வைத்துச் சுமந்துபோய், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிய பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துவர முடியும். போன மாதம் சும்மா பார்க்கப் போனபோது, சுந்தரம்மாள் அந்த வயிற்றோடு கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு மாடு ஓட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிப்போகட்டுமா என்று இவள் கேட்டதற்கு, வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து கூப்பிடுவது எந்த ஊர் வழக்கம் என்று சம்பந்தியம்மாள் திருப்பிக் கேட்டாள். இந்த வாய்க்கால் நெல் கைக்கு வந்தால் கட்டுச்சோற்றுக்கும் ஆகும், மகள் பிள்ளை பெற்று எழுந்திருக்கும் வரை கஞ்சிக்கும் ஆகும். அவரவர் பங்கை அளந்து நெல் போடும் நாளைப் பெரிய வீட்டுக் கணக்கப்பிள்ளை சாம்பசிவம் குறித்துவிட்டார். அதற்கு மறுநாளே வாடிப்பட்டிக்குக் கிளம்புவதென்று சோணையம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள்.

வெட்டிய மண்ணை எப்படி அளப்பது என்பதுதான் இந்த வேலையில் நுட்பமான இடம். நீளத்தையும் அகலத்தையும் எவரும் எப்போதும் அளக்கலாம். ஆழத்தை அப்படி அளக்க முடியாது. பள்ளம் கண்ணுக்குத் தெரியும். அதில் எவ்வளவு வண்டல் இருந்தது என்பது வெட்டியபின் யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஜோடியும் தன் பங்கின் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் விட்டுவிடும். சுற்றிலும் வெட்டி இறங்க இறங்க, அந்த மண் மட்டும் தூண்போல நிற்கும். அதுதான் அளவுத் திட்டு. உச்சியில் பழைய புல் வேரோடு இருக்கும். பிறகு யாரும் மண்ணை அள்ளி வைத்து உயரத்தைக் கூட்டவில்லை என்பதற்கு அந்தப் புல்தான் அத்தாட்சி. கணக்கப்பிள்ளை வந்து கோலைத் திட்டின் பக்கத்தில் நிறுத்தி, அடியிலிருந்து புல் வரை அளந்து கூலி சொல்வார். அதற்குப் பிறகுதான் திட்டை வெட்டி எறிவார்கள். கருத்தக்கண்ணனின் திட்டு இடுப்பளவு நின்றது. அந்த வரிசையில் அதுதான் உயரம். போகும்போதும் வரும்போதும் சோணையம்மாள் அதைக் கண்ணால் ஒரு தடவை அளந்துகொள்வாள்.

அந்த வருஷம்தான் மதுரையிலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சாரணர் முகாமுக்கு வந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் தம் மாந்தோப்பை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். இரண்டாம் பாரமும் மூன்றாம் பாரமும் படிக்கிற, பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பிள்ளைகள். காக்கிக் கால்சட்டை, கழுத்தில் துணி, கையில் ஆளுயரத் தடி. அழைத்துவந்தவர் இன்பசேகரன் என்ற வாத்தியார். ஒல்லியாக இருப்பார், ஓயாமல் பேசுவார். எதையும் காரணம் சொல்லாமல் செய்யச் சொல்ல மாட்டார். அடுப்புக்குப் பள்ளம் தோண்டும்போதுகூட, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று ஒரு பிடி புழுதியைத் தூவிக் காட்டி, அந்தப் பக்கம் வாயை அகலமாகவும் மறுபக்கத்தைக் குறுகலாகவும் வெட்டச் சொன்னார். காற்று உள்ளே நுழைந்து நெருப்பை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போகும், விறகு பாதிதான் ஆகும் என்றார். மத்தியானக் கஞ்சி குடிக்க உட்கார்ந்த பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சோணையம்மாள் வீட்டு வாசலிலும் அப்படி ஓர் அடுப்பு எரிந்தது.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றிச் சேறு நிற்காமல் ஓடை வெட்டினார்கள். மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணலும் கரியும் போட்டுத் தண்ணீர் வடிகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். சாயங்காலத்தில் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து மண்ணில் எழுத்துப் போட்டார்கள். காலிலும் கையிலும் கொப்புளம் வந்தாலும் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். சோணையம்மாளுக்கு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே பொழுதுபோக்காக இருந்தது. ஒரு கூடைக்கும் மறு கூடைக்கும் நடுவில் கரையில் நின்று தோப்பைப் பார்ப்பாள். கீழேயிருந்து கருத்தக்கண்ணன் இருமுவான். இறங்கிவிடுவாள்.

அவர்களில் சத்தியசீலன் என்பவன் அவளிடம் ஒட்டிக்கொண்டான். ஓர் அணிக்குத் தலைவன். அவன் அப்பா கோரிப்பாளையத்தில் கம்பவுண்டர். முதல் நாளே அவளை அத்தை என்று கூப்பிட்டான். அத்தை என்றால் அவள் புருஷன் மாமா ஆகிவிடுகிறானே. கருத்தக்கண்ணனும் விடாமல் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தான். மாப்ளைக்குச் சீர் என்ன வேண்டும், மோதிரமா மம்பட்டியா என்று கேட்டு அவனை வெட்கப்பட வைப்பான்.

ஒருநாள் சத்தியசீலன் வாய்க்கால் கரையில் நின்று திட்டுகளை வரிசையாகப் பார்த்தான். "இதையெல்லாம் ஏன் மாமா இப்படி நடுவுல விட்டு வச்சிருக்கீங்க?"

கருத்தக்கண்ணன் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டான். "அதுவா? உங்க அத்தை இனிமே என்னால தூக்க முடியாதுன்னு உக்காந்துட்டா மாப்ள. நம்ம பேச்சு எங்க எடுபடுது? விட்டுட்டேன்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"அம்புட்டுப் பேரு வீட்டுலயும் இதே கதைதான்."

பக்கத்துப் பங்கில் வெட்டிக்கொண்டிருந்த சுடலை சிரித்தான். அவன் பெண்சாதி கூடையோடு நின்று, யார் உட்கார்ந்தது யார் நின்றது என்று ஊரில் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். சோணையம்மாளும் சிரித்துக்கொண்டே கரையேறினாள். பையன் சிரிக்கவில்லை. அவள் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது அவளுடைய காலையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். சுடுமண்ணில் வெறுங்காலோடு நடந்துபோகிறாளே என்று பார்க்கிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முகாமில் தினமும் இருட்டுவதற்கு முன் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். பாட்டு, கதை, கழுதைபோலக் கத்திக் காட்டுவது என்று ஒரே சிரிப்பாக இருக்கும். ஊர்க்காரர்களும் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அன்றைக்கு எந்த அணி நல்ல காரியம் செய்தது என்று வாத்தியார் சொல்லி, அந்த அணிக்கு ஒரு சின்னக் கொடியைக் கொடுப்பார். அதற்கும் காரணம் சொன்னார். ஒருவர் கேட்டபின் செய்வது ஒத்தாசை. கேட்காமலே, அவருக்குத் தெரியாமலே செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் சாரணன் செய்கிற நல்ல காரியம். முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்பார்கள். அதனால் சொல்லாதே, செய்துவிடு. இதை அவர் அழுத்திச் சொன்னபோது சோணையம்மாளும் தலையாட்டினாள். சத்தியசீலன் அணிக்கு இதுவரை கொடி கிடைக்கவில்லை. மறுநாள்தான் முகாமின் கடைசி நாள். வாய்க்கால் அளக்கும் நாளும் அதுவே.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவர்கள் கட்டுச்சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். புளி இருந்தது. தேங்காயைச் சுடலை வீட்டில் கேட்டிருந்தாள். சம்பந்தியம்மாளுக்கு எள்ளுச்சோறு என்றால் உயிர் என்று சுந்தரம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. எள்ளுக்கும் ஒரு வழி பண்ணிவிடலாம், அந்த அம்மாள் வாயைக் கொஞ்ச நேரமாவது மூடிவைக்கலாமே என்றான் கருத்தக்கண்ணன்.

விடிந்ததும் மண்வெட்டியும் கூடையுமாக வாய்க்காலுக்குப் போனார்கள். அளந்து முடித்ததும் திட்டை வெட்டி எறிந்துவிட்டால் வேலை பூர்த்தியாகிவிடும். கரையில் சத்தியசீலனும் அவன் அணிப் பையன்களும் தடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. அவர்களைத் தாண்டி சோணையம்மாள் வாய்க்காலைப் பார்த்தாள். அடிமட்டம் மெழுகிவிட்ட தரைபோல, ஊர்க் கோடி வரை ஒரே சீராகக் கிடந்தது. ஒரு திட்டுகூட இல்லை.

"அத்தை, நீங்க இனிமே தூக்க வேண்டாம்," என்றான் சத்தியசீலன். "ராத்திரியே எல்லாத்தையும் நாங்களே வெட்டித் தூக்கிக் கொட்டிட்டோம். உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

அவளுக்குக் கூடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுடலைதான் முதலில் வாயைத் திறந்தான். "அடப் பாவிகளா, எங்க கூலியை வெட்டி எறிஞ்சுட்டீகளேடா." பையன்களின் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. கருத்தக்கண்ணன் சுடலையின் தோளைப் பிடித்தான். "விடுப்பா. நான் சொன்னதுதான் அது. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா?"

அதற்குள் இன்பசேகரன் ஓடிவந்தார். சோணையம்மாள்தான் அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். திட்டு எதற்கு, புல் எதற்கு, கோலை எங்கே நிறுத்துவார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் கேள்வியே கேட்காமல் கேட்டார்.

கணக்கப்பிள்ளை குடையும் கோலுமாக வந்து சேர்ந்தார். கரையோரமாக நடந்து நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். பிறகு கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நடந்ததைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். கெட்டிக்காரப் பயல்கள் என்றார். கரையில் கொட்டிய மண்ணை அளந்து பார்க்கும்படி கருத்தக்கண்ணன் கேட்டான். அதில் போன வருஷ மண்ணும் கிடக்கிறதே, எது எதுவென்று யார் பிரிப்பது என்றார் அவர். சத்தியசீலன் திடீரென்று கொடிக்கம்பத்தடிக்கு ஓடினான். திட்டுகளின் உச்சியிலிருந்த புல்லைச் சதுரம் சதுரமாக எடுத்து அழகுக்காகக் கம்பத்தைச் சுற்றிப் பதித்திருந்தார்கள். ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து கணக்கப்பிள்ளையிடம் நீட்டினான். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"புல்லு சரிதான் தம்பி. அது எம்புட்டு ஒசரத்துல நின்னுச்சுன்னு புல்லு சொல்லுமா?"

"நான் பாத்தேன்," என்றார் இன்பசேகரன். "இவங்களோடது இடுப்பளவு இருந்தது. தினமும் இந்தப் பக்கமாத்தான் போய் வந்தேன்."

"நீங்க சொன்னா நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா ஐயா எங்கிட்ட சாரைக் கேக்க மாட்டாக. திட்டைத்தான் கேப்பாக. திட்டு இல்லாத குழிக்கு முழங்கால் அளவுன்னு எங்கப்பா காலத்துலேருந்து உள்ள வழக்கம். நானா மாத்த முடியாது."

இடுப்பளவு வெட்டியவனுக்கும் முழங்கால், அரைகுறையாக வெட்டியவனுக்கும் முழங்கால். சோணையம்மாள் மனசுக்குள் நெல்லைப் பிரித்துப் பார்த்தாள். கஞ்சிக்கு வைத்தால் கட்டுச்சோறு இல்லை. கட்டுச்சோறு ஆக்கி மகளைக் கூட்டிவந்தால், வந்தவளுக்குக் கஞ்சி இல்லை.

வாத்தியார் பெரிய வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினார். அவளும் கருத்தக்கண்ணனும் பின்னால் போய் வெளிவாசல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அங்கிருந்து பேச்சுக் கேட்காது, ஆள் தெரியும். பெரிய வீட்டுக்காரர் எழுந்து நின்றே வாத்தியாரை வரவேற்று, நாற்காலி போடச் சொன்னார். வாத்தியார் உட்காரவில்லை. கையை இடுப்பில் வைத்துக் காட்டினார், முழங்காலில் வைத்துக் காட்டினார், தரையில் குச்சியால் ஏதோ கோடு போட்டார். பெரிய வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுத் தலையசைத்தார். பிறகு அவர் பேசினார். தோப்பைக் காட்டினார், வாய்க்காலைக் காட்டினார், வாத்தியாரின் முதுகில் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். வாத்தியாரின் கை ஒரு தடவை உயர்ந்து பாதியில் கீழே இறங்கியது.

திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "அறுப்புக்கு அப்புறம் பாத்துச் செய்யறேன்னு சொல்றார் அம்மா. வாய்க்கால் இம்புட்டுச் சுத்தமா என்னைக்கும் இருந்ததில்லையாம். பையன்களை அடுத்த வருஷமும் கூட்டிட்டு வரச் சொல்றார்." அறுப்பு என்றால் தை மாதம். அவர் சட்டைப்பையில் கையை விட்டார். சோணையம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். "பிள்ளைகளை வைய வேண்டாங்கய்யா. எனக்காகத்தான் செஞ்சுச்சுக."

கணக்கப்பிள்ளை களத்தில் நெல் அளந்து போட்டார். முழங்கால் அளவுக்கு உண்டான நெல் சாக்கின் பாதியோடு நின்றுவிட்டது. வாயைக் கட்டியபோது மேல்பாதி துவண்டு மடங்கியது. கருத்தக்கண்ணன் அதை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பெண்களும் புறப்பட்டபோது கணக்கப்பிள்ளை கூப்பிட்டு நிறுத்தினார். கூடைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு தோப்புக்கு வரச் சொன்னார். பையன்கள் செய்த வேலைக்கு ஐயா மாம்பழம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், முகாமுக்குச் சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும்.

வாய்க்கால் கடைசியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் கூடைகளை முக்கி, பின்னலுக்குள் ஒட்டியிருந்த வண்டலை வைக்கோலால் தேய்த்துக் கழுவினார்கள். தோப்புக் காவல்காரன் பழங்களை நிரப்பினான். நல்ல பழங்கள், காம்படியில் மஞ்சள் ஏறி, வாசனை பாதை முழுக்க வந்தது. மண்ணைவிடக் கனம் குறைவு. ஆனாலும் பழம் நசுங்காமல் நடக்க வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் போனார்கள்.

கூடாரங்களை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்த பையன்கள் கூடைகளைப் பார்த்ததும் விசில் ஊதினார்கள். வரிசையில் நின்று, பெரிய வீட்டுக்காரருக்காகக் கை தட்டினார்கள். வாத்தியார் கை தட்டவில்லை. ஒரு கூடாரக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சத்தியசீலன் வரிசையில் சேராமல் தள்ளி நின்றான். அவள் கூடையை இறக்கக் குனிந்தபோது ஓடிவந்து மறு விளிம்பைப் பிடித்தான். இருவரும் ஒரே மூச்சில் இறக்கிவைத்தார்கள். தன் பங்குப் பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இது உங்களுக்கு அத்தை. மத்தவங்ககிட்டயும் கேட்டு வாங்கித் தாரேன். வீட்டுல எத்தனை பேரு?"

சோணையம்மாள் பழத்தை முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருதான்யா," என்றாள். "இது போதும்."

வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மறுநாள் போவதாக இருந்த வாடிப்பட்டிப் பாதையைக் குறுக்கே தாண்டி, அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.